எட்டு லிட்டர் பதநீர், ஒரு கிலோ கருப்பட்டி

இராஜபாளையம் வட்டாரத்து வாசகர் ஒருவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி: சாலையோரம் விற்கும் பதநீரிலும் சந்தையில் கிடைக்கும் கருப்பட்டியிலும் எது நல்லது, கொடுக்கிற காசுக்கு எது தகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது கேள்வி: அவருடைய புஞ்சை வரப்பில் பதினொரு பனை சும்மா நிற்கின்றன, வெட்டிவிடலாமா, வைத்திருக்கலாமா? இரண்டும் தனித்தனிக் கேள்வி போலத் தெரிந்தாலும் முதலாவதற்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

வெளிநாடுகளில் திராட்சை மதுவை வாயில் வைத்தவுடனே இது எந்த ஊர்ச் சரக்கு, எந்தச் சரிவில் விளைந்தது, எந்த வருடத்துக் காய் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்று படிப்பே இருக்கிறது. பதநீருக்கும் அப்படிப்பட்ட நாக்கு நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு உண்டு, படிப்புதான் இல்லை. விடியற்காலையில் இறக்கிய முதல் கலயத்தைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி ஒரு வாய் குடித்ததும், இது ஆண்பனையா பெண்பனையா, கலயத்தைக் கழுவிக் காய வைத்தார்களா இல்லையா, சுண்ணாம்பு கூடிப்போனதா குறைந்ததா என்றெல்லாம் சொல்லிவிடுவார்கள். செம்மண் பனையின் பதநீர் ஒரு ருசி, கரிசல் பனையின் பதநீர் வேறு ருசி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. மேற்கே மலையடிவாரம் முழுக்கத் தென்னையும் மாவும் நெல்லும். கிழக்கே கரிசலை நோக்கிப் போகப் போக, வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் பனை. சப்பட்டை மாம்பழம் வரத்து தொடங்கும் காலமும் பதநீர் உச்சத்தில் இருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடுவது இந்த வட்டாரத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பதநீரில் மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடித்தவர்களுக்கு மற்ற குளிர்பானத்தின் மேல் மரியாதை வருவது கஷ்டம்.

பதநீரைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். பாளையிலிருந்து சொட்டும் சாறில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கும். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. வெறுங்கலயத்தைக் கட்டினால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் சாறு காரத்தன்மை அடைந்து, நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடும். கள்ளுக்கும் பதநீருக்கும் இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறார்கள். இங்கேயும் அனுமதிக்க வேண்டும் என்று விவசாய அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அது சட்டசபையில் முடிவாக வேண்டிய விஷயம். அதுவரைக்கும், சுண்ணாம்பு தடவாத கலயத்தை மரத்தில் கட்டி வைப்பது மரத்தின் சொந்தக்காரருக்கும் சேர்த்து வம்பு.

குடிக்கும்போது கவனிக்க வேண்டியதும் இந்தச் சுண்ணாம்பைத்தான். அளவாக இருந்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான ஒரு துவர்ப்பு நிற்கும், ஓலை வாசனை வரும். கூடிப்போனால் நாக்கு அரிக்கும், பட்டையின் அடியில் வெள்ளையாகப் படியும். குறைந்துவிட்டால் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டி, மூக்குக்குப் புளித்த வாடை வரும். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் பிளாஸ்டிக் குடத்தில் நிற்கும் பதநீரை வாங்காமல் இருப்பது நல்லது. ஐஸ் கட்டி போட்டு விற்பதில் தண்ணீர் எவ்வளவு, பதநீர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மரத்தடியில் விற்கிறவரிடம் காலையிலேயே போய் வாங்கினால் ருசியும் நிச்சயம், காசும் நேராக ஏறினவர் கைக்குப் போகும்.

ஏறுகிறவரின் உழைப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது மரம், மரம் ஐம்பது அடி என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஏறிக் கலயத்தை இறக்கிப் பாளையைச் சீவ வேண்டும்; மாலையில் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். ஏறுவது மட்டும் ஒரு நாளைக்கு 3,000 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 192 அடி. அதன் உயரத்தைத் தினமும் பதினைந்து முறை ஏறி இறங்குவதற்குச் சமம் இது. காலில் தளைநார், மரத்தில் சாய்த்த முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி, இவ்வளவுதான் பாதுகாப்பு. பாளையைக் கடிப்பால் நசுக்குவதும் நினைக்கிறபடி முரட்டு வேலை இல்லை. பலமாக நசுக்கினால் பாளை கருகும், மெதுவாக நசுக்கினால் சாறு வராது. சில நாள் பக்குவப்படுத்திய பிறகுதான் நுனியைச் சீவுவது தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு வேளை தவறினாலும் சீவிய வாய் அடைத்துக்கொள்ளும். மாசிக் கடைசியில் ஏறத் தொடங்கினால் ஆடி வரைக்கும் கல்யாணம், காரியம் எதற்கும் அந்த மனிதர் நிம்மதியாகப் போய் வர முடியாது. மாடு கறக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பனையேறுவதற்குக் கருவிகள் வந்திருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். வந்திருக்கின்றன. தென்னையில் தேங்காய் பறிக்க எப்போதாவது ஒரு நாள் ஏறுவதற்கு அது சரி. பதநீருக்குத் தினமும் இரண்டு வேளை ஏற வேண்டும். மரத்துக்கு மரம் கருவியைக் கழற்றி மாட்டும் நேரத்தில் பழகியவர் இரண்டு மரம் ஏறி இறங்கிவிடுவார். புதிதாகக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்கு மட்டும் இடுப்பு வார் உள்ள கருவி உதவும்.

மரத்தின் மேலே ஆண் செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிகிறது. அடுப்படியில் பெண் செய்யும் வேலைதான் கருப்பட்டியின் தரத்தை முடிவு செய்கிறது. இறக்கிய பதநீரை வடிகட்டி, அகன்ற தாச்சியில் ஊற்றி, மூன்று நான்கு மணி நேரம் கிளறிக் காய்ச்ச வேண்டும். பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கும். பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். உருளை திரண்டால் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கருகல் வாடை ஏறிவிடும். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆற விடுவது. சித்திரை, வைகாசி வெயிலில், விறகுப் புகையில், தினமும் இந்த வேலை. அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் கூலியைக் கணக்கிடுகிறவர்கள் பல நேரம் ஏறுகிறவரை மட்டும் கணக்கில் வைத்து, காய்ச்சுகிறவரை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கருப்பட்டிக் கலப்படத்தின் வேர் அதில்தான் கிடக்கிறது. பதநீரில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். பதநீர் கொஞ்சம் புளித்தாலும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் மாறத் தொடங்கும். அப்படி மாறினது எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது, பிசுபிசுவென்று பாகாக நிற்கும். காலையிலிருந்து காய்ச்சின பெண்ணுக்கு அந்தப் பாகை என்ன செய்வது என்று தெரியாது. இரண்டு கைப்பிடி வெள்ளைச் சர்க்கரை போட்டால் இறுகிவிடுகிறது. முதலில் இறுகுவதற்காகப் போட்டது, பிறகு எடைக்காகப் போடுவது என்று ஆகிவிட்டது. வியாபாரிகள் மட்டத்தில் சர்க்கரையும் ஆலை வெல்லப்பாகும் சேர்த்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்பதும் நடக்கிறது. ஆக, நல்ல கருப்பட்டிக்கு வேண்டியது அடுப்பில் வித்தை அல்ல, மரத்தில் சுத்தம். கலயத்தைத் தினமும் கழுவி வெயிலில் காய வைத்து, புதுச் சுண்ணாம்பு தடவி, வெயில் ஏறுவதற்குள் இறக்கி, உடனே அடுப்பில் வைத்துவிட்டால் சர்க்கரை தேவைப்படாது.

இப்போது விலைக்கு வரலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். லிட்டர் 50 ரூபாய்க்குப் பதநீராகவே விற்கிறது என்று வைத்துக்கொண்டால் எட்டு லிட்டருக்கு 400 ரூபாய். அதோடு விறகு, நான்கு மணி நேர வேலை. அப்படியிருக்க, கிலோ 150 ரூபாய்க்கு ‘அசல் கருப்பட்டி’ என்று ஒருவர் கூவி விற்றால் அதில் பனை எவ்வளவு இருக்கும்? வாசகர் கேட்ட ‘காசுக்குத் தகுமா’ என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில். மலிவான கருப்பட்டி வாங்குகிறவர் சர்க்கரையைச் சர்க்கரை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறார். விலை கூடிய கருப்பட்டி எல்லாம் நல்லது என்றும் இதற்கு அர்த்தமில்லை. அழகான அட்டைப்பெட்டிக்கு விலை வைப்பவர்களும் இருக்கிறார்கள். காசுக்கு மிகவும் தகுவது மரத்தடிப் பதநீர்; அதற்கடுத்து, காய்ச்சுகிற வீட்டிலேயே பருவத்தில் வாங்கி வைக்கும் கருப்பட்டி. வருடத் தேவையை வைகாசியில் மொத்தமாக வாங்கி, ஓலைப்பெட்டியிலோ பானையிலோ காற்று ஈரம் படாமல் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல.

கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். அசல் கருப்பட்டி எல்லாம் ஒரே நிறத்தில் அச்சு மாதிரி இருக்காது. ஒவ்வொரு நாள் காய்ச்சலுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். உடைத்தால் உள்ளே சர்க்கரைப் படிகம் பளபளவென்று தெரியக் கூடாது. வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் ஓலைப் புகை வாசனையும் வரும். மழைக்காலத்தில் இளகிக் கசியும். எப்போதும் கல் மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். இவையெல்லாம் கைப்பழக்கத்துக்கு உதவும் அடையாளங்கள்தான். கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைத் தீர்மானமாகச் சொல்லப் பெரிய ஆய்வகம் வேண்டும். அதனால் பொருளைப் பார்ப்பதைவிடக் காய்ச்சுகிற ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்வது மேல்.

மருத்துவ குணம் பற்றி இரண்டு வார்த்தை. ‘கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அது தவறு. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாது உப்புகள் கருப்பட்டியில் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையேதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதநீரையும் கருப்பட்டிக் காப்பியையும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல பொருளை விற்கப் பொய் தேவையில்லை.

பனையை ஒரு பயிராகப் பார்க்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. இராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் இருக்கும் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். அதற்கு முன் வார்தாவில், 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். அவர் சொன்ன கணக்கு எளிது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனைக்கு இரண்டும் வேண்டாம். வரப்பும் தரிசும் போதும். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டால் நல்ல நிலத்தில் தானியம் விளைவிக்கலாம். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குப் போய்விட்ட ஊர்களில் இந்தக் கணக்கு இன்றைக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது.

பெயருக்கும் விலை உண்டு என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும், தெற்கே உடன்குடி கருப்பட்டிக்கும் 2023-ல் கிடைத்தது. இன்னும் தொலைவில், கம்போடியாவில் இதே பனைமரத்திலிருந்து காய்ச்சும் கம்போங் ஸ்பூ பனஞ்சர்க்கரை 2010-ல் அந்த நாட்டின் புவிசார் குறியீட்டையும், 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர் பனையிலும் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பனை ரகம் ஒன்றுக்கு எஸ்.வி.பி.ஆர். 1 என்றே பெயர். ஆனால் சாலையில் போகிற பயணி பால்கோவா கேட்டு இறங்குவது போல இந்த ஊர்ப் பதநீரைக் கேட்டு இறங்குவதில்லை. ஊர்ப் பெயர், காய்ச்சிய வீட்டின் பெயர், காய்ச்சிய மாதம் மூன்றையும் ஒரு ஓலைத் துண்டில் எழுதிக் கட்டிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு எந்தக் குறியீடும் தேவையில்லை.

இனி அந்தப் பதினொரு பனை. வெட்டுவதைப் பற்றி முதலில்: பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். செங்கல் சூளைக்குக் கேட்டு வருகிறவர் கொடுக்கும் தொகை எதுவானாலும் அது ஒரு முறை வருமானம். ஒரு பனை பருவத்துக்கு நூறு லிட்டர் கொடுத்தால் பதினொரு மரத்துக்கு 1,100 லிட்டர். மேலே சொன்ன 50 ரூபாய்க் கணக்கில் 55,000 ரூபாய். அதில் பெரும்பங்கு ஏறுகிறவருக்குப் போவதுதான் நியாயம். சொந்தக்காரருக்கு உரமோ தண்ணீரோ செலவு இல்லாமல் ஒரு பங்கு வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதினொரு மரத்தை நம்பி ஒரு குடும்பம் அந்த ஊருக்கு வந்து தங்காது. குறைந்தது இருபத்தைந்து, முப்பது மரம் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். ஆகவே இந்த வாசகர் தனியாக ஆள் தேடுவதைவிட, பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மரங்களை ஒரே குத்தகையாகப் பேசலாம். குத்தகையைப் பணமாகக் கேட்பதைவிடக் கருப்பட்டியாகவோ, வாரத்தில் ஒரு நாள் பதநீராகவோ பேசுவது இரண்டு பக்கமும் நிற்கும். மழை பெய்து சாறு குறைகிற வருடத்தில் ஏறுகிறவர் கடனாளியாக மாட்டார். ஏறுகிறவர் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவு செய்ய உதவ வேண்டும். உரிமம் சம்பந்தமான விவரங்களைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே அருகிலுள்ள பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பாளை விட்ட பிறகு அலைந்தால் பருவம் போய்விடும்.

பதினொன்றில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் பதநீர் தரும். ஆனால் பெண்பனையில் சீவிய பாளையில் நுங்கு கிடைக்காது. நுங்குக்கு நல்ல கிராக்கி இருக்கும் சாலையோர ஊரென்றால் பெண்பனையில் பாதியை நுங்குக்கு விட்டு, மீதியையும் ஆண்பனை முழுவதையும் பதநீருக்குக் கொடுக்கலாம்.

புதிதாக வைக்க நினைக்கிறவர்கள் ஆவணியில் தானாக விழும் பழங்களைச் சேர்த்து, சாறு நிறையக் கொடுக்கும் பெண்மரத்தின் கொட்டையாகப் பொறுக்கி, நிழலில் மூன்று வாரம் குவித்து வைத்து, ஐப்பசி மழைக்கு வரப்பில் பத்து அடிக்கு ஒன்றாக அரை அடி ஆழத்தில் ஊன்றலாம். நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் சரியாக வராது. முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். பாளை விட 12 முதல் 15 வருடம் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஒரு குழியில் இரண்டு கொட்டை ஊன்றி, தை மாதம் ஒன்றைக் கிழங்காகப் பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.